உப்புப் போட்ட ஐஸ்

கராச்சர்மா
9.6.2025, திங்கள்

சோபிக்கு, மைனி சிசிலியா எழுதுறது.

நலமான்னு விசாரிச்சு எழுத நேரமில்ல. கோவத்தை அப்புறமா பட்டுக்க, முதல்ல இதை முழுசாப் படி. உன் நம்பருக்கு அடிச்சா போவவே மாட்டேங்கு. "அத்தை நம்மளை பிளாக் பண்ணி வெச்சிருக்காங்கம்மா"ன்னு என் மவ பிரவீனா சொல்லுதா. அது போக, போன வாரக் காத்துல நீ இருக்க கேம்பல் பே தீவுல டவரும் சாஞ்சு கிடக்காம். அதான் கப்பல்ல வேலை பார்க்கிற குணா கையில இதைக் குடுத்து விடுதேன்.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்காவ. ஜங்லிகாட் ஜெட்டியில மீன் எடுக்கையில கெளுத்தி முள்ளு உள்ளங்கையில ஏறிட்டு. நமக்கு இது என்ன புதுசா? மஞ்சளை வெச்சுக் கட்டிக்கிட்டு, மறுநாளும் என்கூட உக்காந்து சென்னை பிளைட்டுக்கு எட்டுப் பெட்டி மீன் கட்டினாவ. மூணாம் நாள் கை முழங்கை வரைக்கும் வீங்கி, உடம்பு கொதிச்சு, பேச்சு குழற ஆரம்பிச்சிட்டு. "அப்பா வந்திருக்காவ, காப்பி போடு"ங்காவ. மாமா செத்து நாலு வருஷமாச்சு! அப்பவே ஆட்டோவைப் பிடிச்சு இங்க கொண்டு வந்துட்டேன்.

ரத்தத்துல கிருமி ஏறிட்டாம். செப்சிஸ்ன்னு சொன்னாங்க. ஐசியூல வெச்சிருக்காங்க. கிட்னி மக்கர் பண்ணுது, மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கு.

ஆனா ஒரு நல்ல சேதி. நேத்து அங்க உள்ள பெங்காலி சிஸ்டர் கதவைத் திறந்து, "பதன் தண்டா பட் கயா"ன்னு சொல்லிட்டுப் போனா. காய்ச்சல் குளுந்துட்டு! அப்பவே கோயிலுக்கு ஓடி மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்திட்டு வந்தேன். அந்தப் பிள்ளை முகத்துலதான் சிரிப்பே இல்ல. ராப்பகலா நிக்கவளுக்கு எங்க சிரிப்பு வரும்.

நீ நர்சு, உனக்குத் தெரியும். காய்ச்சல் போயிட்டுன்னா இனி எத்தனை நாள்ல வீட்டுக்கு விடுவாங்க? அண்ணனும் தங்கச்சியும் பேசாம இருக்கது உங்க பாடு. எனக்குப் பதில் போடு.

இப்படிக்கு
மைனி சிசிலியா


கேம்பல் பே
14.6.2025

மைனி,

கடிதம் நேற்று சாயங்காலம் கிடைத்தது. இரண்டு தடவை படித்துவிட்டு ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"தண்டா பட் கயா" என்றால் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்பு ஜில்லிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். இருபது வருஷம் அந்தத் தீவில் இருந்தும் உங்கள் இந்தி மீன் மார்க்கெட்டைத் தாண்டவில்லை. அந்தப் பெண் உங்களுக்கு நல்ல செய்தி சொல்லவில்லை மைனி. பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறாள்.

செப்சிஸில் ஆபத்து கிருமியால் மட்டும் வருவதில்லை. முதலில் உடம்பின் எதிர்ப்பு சக்தி தலைகால் தெரியாமல் ஆடும். கிருமியை அடிக்கிற அடியில் சொந்தக் கிட்னியையும் நுரையீரலையும் சேர்த்து அடிக்கும். பிறகு சிலருக்கு அது அப்படியே சோர்ந்து படுத்துவிடும். வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் இருக்கும், வேலை செய்யாது. சிலருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். சோர்ந்த உடம்புக்குச் சில சமயம் காய்ச்சலை உண்டாக்கக்கூடத் தெம்பு இருக்காது. அந்த நேரம் பார்த்து வேறொரு கிருமி நுழைந்தால் தடுக்க ஆளில்லை.

அப்பாவுக்கும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். நான் வைத்த தெர்மாமீட்டரில் 98 காட்டியது. "காய்ச்சல் இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். மூன்றாம் நாள் அடக்கம். "நீயெல்லாம் ஒரு நர்சா?" என்று கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அண்ணன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இந்தத் தீவுக்கு மாற்றல் வாங்கி வந்து, புத்தகம் புத்தகமாய்ப் புரட்டித்தான் இந்தப் பதிலைக் கண்டுபிடித்தேன். அதைக் கேட்க அண்ணன் முழித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் கேளுங்கள்: லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை எத்தனை? புதுக் கிருமி ஏதும் வந்திருக்கிறதா? காய்ச்சல் இல்லை என்று யார் சொன்னாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

என்னால் வர முடியாது. இங்கே நான் ஒருத்திதான் நர்ஸ், கூட வேலை பார்த்தவள் பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போயிருக்கிறாள். உங்கள் நம்பரை பிளாக்கில் இருந்து விடுவித்துவிட்டேன். ஆனால் டவர் வந்தாலும் போன் வேண்டாம், பேசினால் சண்டைதான் போடுவோம். எழுதுங்கள். எண்களைத் தப்பில்லாமல் எழுதுங்கள்.

சோபியா


கராச்சர்மா
19.6.2025

சோபி,

நீ சொன்னது பலிச்சிட்டு. உன் வாயில சர்க்கரை போடவா, மண்ணைப் போடவா?

லிம்போசைட் 400. ஆயிரத்துக்கு மேல இருக்கணுமாம். நெஞ்சுல புதுசா ஒரு கிருமி புகுந்திருக்கு. மூணு மருந்து மாத்திட்டாங்க, அசையல. நேத்து பத்து நிமிஷம் உள்ள விட்டாங்க. கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டியில கையை விட்ட மாதிரி இருந்துச்சு. நான் மெழுகுவத்தி கொளுத்தின கூத்தை நினைச்சு என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல வந்துச்சு.

டாக்டர் வைஜெயந்தின்னு ஒரு அம்மா, நம்ம தமிழ்தான். அவங்ககிட்ட நான் சண்டை போட்டுட்டேன். அபர்டீன் பஜார்ல பெயிண்ட் கடை வெச்சிருக்க வெள்ளைச்சாமி அண்ணாச்சி, "எம் மச்சானுக்கு மதுரையில இதே வியாதிதான், ஸ்டீராய்டு போட்டாங்க, எந்திரிச்சு உக்காந்துட்டான், அதையே கேளு"ன்னாரு. போய்க் கேட்டேன். "வியாதி ஒண்ணு, ஆள் வேறம்மா"ன்னாங்க. அவர் மச்சானுக்கு எதிர்ப்பு சக்தி மிஞ்சிப் போயிருந்திருக்கும், அதை அடக்க மருந்து போட்டிருப்பாங்க. இவருக்கு அது படுத்துக் கிடக்கிற மாதிரி தெரியுது, அடக்குற மருந்தைக் கூட்டிப் போட்டா மிச்சம் இருக்கதும் போயிரும்னு சொன்னாங்க. "அப்ப எழுப்புற மருந்தைக் குடுங்க"ன்னேன். "படுத்திருக்கா, ஆடுதான்னு நான் கண்ணால பார்க்காம எப்படிம்மா குடுக்க?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நியாயம்தானே.

அதைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்காம், இங்க கிடையாது. சென்னையில ஒரு ஆராய்ச்சிக்காரங்க செய்யுதாங்களாம். ஒரே நாள்ல ரத்தம் அங்க போய்ச் சேரணும், குளுகுளுன்னு இருக்கணும். ஆளுக்காள் பார்த்து மருந்து குடுக்கிற முறையாம்.

நேத்து காலையில ரத்தப் பெட்டியை ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போற வண்டி வரத் தாமதமாச்சு. பிளைட்டு போயிருமேன்னு நான் சொன்னேன், "குடுங்கம்மா, கார்கோவுல எனக்குத் தெரியாத ஆள் இல்ல. தெனமும் சென்னைக்குப் பெட்டி போடுறவ நான்." வார்டு ஆயா ரெங்கம்மா ஒட்டி மூடின பெட்டியை ஆட்டோவுல கொண்டு போனேன். கார்கோ ஷெட்டுல வெச்சுத் திறந்து பார்த்தா, உள்ள ரெண்டு நீலக் கலர் பை மட்டும் கிடக்கு, தொட்டா லேசாச் சில்லுங்கு. இதுவா சென்னை வெயிலுக்குத் தாங்கும்? அதைத் தூக்கிப் போட்டுட்டு, நம்ம பெட்டியில இருந்து நொறுக்கின ஐஸை நிறைச்சு, ரெண்டு பிடி கல்லுப்பும் போட்டு, ரத்தம் இருந்த குழாயை நடுவுல புதைச்சு வெச்சேன். வெயில் நாள்ல வஞ்சிர மீனுக்கு அப்படித்தான் போடுவோம், சென்னையில திறந்தா கல்லு மாதிரி இருக்கும். உன் அண்ணன் கத்துக் குடுத்த கட்டு. அவருக்கே உதவுது பாரு!

நாளைக்கோ மறுநாளோ முடிவு வரும். செபம் பண்ணிக்க.

மைனி


கேம்பல் பே
23.6.2025

மைனி, இதை வாசித்த உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

உப்புப் போட்ட ஐஸில் ரத்தமும் ஐஸாகவே உறைந்துவிடும். அந்தப் பரிசோதனைக்கு வெள்ளை அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். உறைந்தால் அவை வெடித்துச் செத்துவிடும். குளிர்ச்சியாக இருந்தால் போதும், உறையக்கூடாது. அதற்குத்தான் அந்த நீலப் பைகள். செத்த மீனுக்குக் கட்டுகிற கட்டை உயிரோடு இருக்கிறதுக்குக் கட்டிவிட்டீர்கள்.

திட்டவில்லை. நேரமில்லை. புது ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியை நீங்கள்தான் திறந்தீர்கள் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி கட்டியதில்தான் தப்பு என்று நினைத்து, அதைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு நோயாளியை ஹெலிகாப்டரில் அனுப்புகிறோம். அவருடைய மனைவி கையில் கொடுத்துவிடுகிறேன்.

சோபியா


கராச்சர்மா
26.6.2025

சோபி,

உன் கடிதம் வரதுக்கு முந்தியே சென்னையில இருந்து சேதி வந்துட்டு. "ரத்தம் உறைஞ்சு வந்திருக்கு, பிரயோஜனமில்ல." டாக்டரம்மா வார்டுல நின்னு, பெட்டி கட்டினது யாருன்னு கேட்டாங்க. ரெங்கம்மா முன்னால வந்தா. பாவம், தெலுங்கும் இந்தியுமா கலந்து, நீலப் பைதான் வெச்சேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுதா. யாரும் நம்பல. "நீ ஃப்ரீசர்ல வெச்சிருப்ப"ங்காங்க. நான் ரெண்டடி தள்ளி நிக்கேன். "நான்தான்"னு ஒரு சொல்லு. வாய் வரல சோபி. ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டுத் திரிஞ்சேன். அவளுக்கு வேலை போயிரும்னு பேசிக்கிட்டாங்க. அப்பவும் வாய் வரல. உன் கடிதத்தைப் பார்த்தப்புறம்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா உடனே ஊசியை எடுத்துக்கிட்டு ரத்தம் எடுக்கப் போயிட்டாங்க. நான் ரெங்கம்மா காலைப் பிடிக்கப் போனேன். "ஜானே தோ தீதி", போகட்டும் விடுக்கான்னு சொல்லிட்டு அழுதுட்டா.

இப்ப முடிவு வந்துட்டு. உன் அண்ணனுக்கு எதிர்ப்பு சக்தி அடியோட படுத்துக் கிடக்கு. அதை எழுப்புற மருந்து, இன்டர்ஃபெரானோ என்னமோ சொன்னாங்க, நாளைக்குப் பிளைட்டுல வருது. இது வழக்கமாக் குடுக்கிற மருந்து இல்லையாம், ஆராய்ச்சியில உள்ளதாம், கேட்கலாம், கேட்காமலும் போகலாம், ஒரேயடியா எதிர்ப்பு சக்தி ஆட ஆரம்பிச்சாலும் ஆபத்தாம். எல்லாத்தையும் சொல்லிக் கையெழுத்துக் கேட்டாங்க. போட்டுட்டேன். இவ்வளவு நாளு வீணாப் போனதுக்கு நான்தான் காரணம். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

இன்னொண்ணும் சொல்லணும். இதை எழுத நாலு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

அன்னைக்கு நீ டூட்டி முடிஞ்சு வந்து மாமாவுக்குத் தெர்மாமீட்டர் வெச்சியே, அதுக்கு ஒரு மணி நேரம் முந்தி நான் அவருக்குக் காய்ச்சல் மாத்திரை ரெண்டு குடுத்திருந்தேன். உடம்பு அடுப்பாக் கொதிச்சுது. "சோபி வந்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா மக்களே, இன்னைக்கு ஒரு நாள் என் கட்டில்ல கிடக்கேன்"னு கையைப் பிடிச்சாரு. மனசு கேட்கல, குடுத்தேன். நீ 98ன்னு வாசிச்சப்போ நான் காப்பி டம்ளரோட பக்கத்துலதான் நின்னேன். காலையில சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் சொல்ல முடியாமப் போச்சு. கல்லறைத் தோட்டத்துல உன் அண்ணன் உன்னைக் கேட்டப்பவும் நின்னேன்.

நீ எழுதியிருந்தியே, அப்பாவுக்குக் காய்ச்சல் உண்டாக்கத் தெம்பில்லன்னு. புஸ்தகத்துல தேடிக் கண்டுபிடிச்சேன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

நீ என்னை என்ன சொன்னாலும் தகும்.

சிசிலியா


கராச்சர்மா
4.7.2025

சோபி,

ரெண்டு கப்பல் வந்து போயிட்டு. உங்கிட்ட இருந்து ஒண்ணும் வரல. குணாகிட்ட ஜெட்டியிலயே போய்க் கேட்டேன். "கடிதத்தைக் கையிலதான் குடுத்தேன், சிஸ்டர் வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க"ன்னான். சரி. எழுத வேண்டாம். நான் எழுதுதேன், நீ படிச்சா போதும். படிக்காமக் கிழிச்சுப் போட்டாலும் சரி, உன் அண்ணன் சேதி உனக்கு வந்து சேரணும்.

மருந்து ஆரம்பிச்சாச்சு. முதல் ஊசிக்கு அசைவில்ல. ரெண்டாவதுக்கும் இல்ல. ரத்த அழுத்தம் இன்னும் இறங்கி, சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டாங்க, மரைன் ஹில்ல இருக்க என் தங்கச்சியைக் கூப்பிட்டேன். வீட்டு ஆளைக் கூப்பிடச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? கோயில் சாமியார் வந்து, சாகக் கிடக்கவங்களுக்குப் பூசுற எண்ணெயைப் பூசிட்டுப் போனாரு. பிரவீனா என் சேலையைப் பிடிச்ச பிடியை விடல.

மூணாவது ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் வந்துச்சு சோபி! நூத்தி ஒண்ணு! பெங்காலி சிஸ்டர் ஓடி வந்து சொன்னா. இந்த மருந்துக்கே காய்ச்சல் வரும், அதுக்குள்ள சந்தோஷப்படாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிப் பார்த்தாங்க. யார் கேட்டா? புருஷனுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு சிரிச்சவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். கையைத் தொட்டா சுடுது.

நேத்து எடுத்த கணக்கு: லிம்போசைட் 700. போன வாரம் 400. சளியில கிருமி குறைஞ்சிருக்கு. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்காங்க. கிட்னிக்கு இன்னும் மெஷின்தான்.

சாப்பிடு. அங்க மழை எப்படி?

மைனி


கேம்பல் பே
11.7.2025

மைனி,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கெட்ட வார்த்தையாக வந்தது. அதனால்தான் எழுதவில்லை.

என்னை இந்தத் தீவில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? "தோ பார் வாலி சிஸ்டர்." இரண்டு தடவை பார்க்கிற நர்ஸ். எந்தப் பிள்ளை காய்ச்சலோடு வந்தாலும் நான் தெர்மாமீட்டரை இரண்டு தடவை வைப்பேன். 98 காட்டினால் மூன்றாவது தடவையும் வைப்பேன். பிள்ளைகள் சிரிக்கும். நானும் கூடச் சிரிப்பேன். நான்கு வருஷம் மைனி. மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்க மறந்தது என் தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ஓடியும் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அந்தக் கோவம் எனக்கு அடங்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் பொய்.

ஐஸ் விஷயத்துக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அது தெரியாமல் செய்தது. அதனால் போன நாட்கள் அண்ணனை எவ்வளவு பாதித்தன என்று யாராலும் அளக்க முடியாது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.

கூட வேலை பார்ப்பவள் திரும்பிவிட்டாள். லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த கப்பலில் வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மாத்திரை விஷயத்தை நான் வருவதற்கு முன்னால் நீங்களே அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவருக்கு நினைவு தெளிந்து, டாக்டர் சரி என்ற பிறகு சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன். சொல்லவில்லை என்றால், பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன்.

சோபியா


கராச்சர்மா
19.7.2025

சோபிக்கு,

குணா இதைக் கேம்பல் பேயில உன் கையில தருவான். அதே கப்பல்ல ஏறிடு. காத்து அடங்கியிருக்கு, ராத்திரிக்கு மட்டும் போர்வை எடுத்துக்க.

முதல்ல எண்ணிக்கை. லிம்போசைட் 1300. நேத்தோட கிட்னி மெஷினை நிறுத்திட்டாங்க. தொண்டையில இருந்து குழாயை எடுத்து ஆறு நாளாச்சு. குரல் தகரத்தைத் தேய்ச்ச மாதிரி இருக்கு, ஆனா பேசுதாவ. கஞ்சி குடிக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னும் பல மாசத்துக்குக் கிருமி அண்டாமப் பார்த்துக்கணுமாம், வீட்டுக்குப் போயும் திரும்பி வரவங்க நிறைய பேராம். அதை நீ பார்த்துக்குவ.

சொல்லிட்டேன். முந்தாநாள் டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கிட்டு, பிரவீனாவை வெளிய அனுப்பிட்டு, கட்டில் பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாமச் சொன்னேன். மாத்திரை, காப்பி டம்ளர், கல்லறைத் தோட்டம் எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தாவ. முடிச்சப்புறம், "சோபி எங்க?"ன்னு கேட்டாவ. வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாவ.

அதுல இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. சிஸ்டர்கிட்ட பேசுதாவ, ரெங்கம்மாகிட்ட பேசுதாவ, மவகிட்ட "அத்தை கப்பல் எப்ப வரும்"னு மணிக்கொரு தரம் கேட்காவ. நான் உள்ள போனா கண்ணை மூடிக்கிடுதாவ. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்துல அடிச்சிருக்காவ, ஏசியிருக்காவ, பேசாம இருந்தது இல்ல. நான் வராந்தாவுல உக்காந்து குரலை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். கோவிச்சுக்கத் தெம்பு வந்திருக்கு பாரு, அதுவே பெருசுன்னு மனசைத் தேத்திக்கிடுதேன். தேறலதான்.

நீ வந்ததும், அவரு கண்ணுல படாம நான் மரைன் ஹில்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன். சாவி ரெங்கம்மாகிட்ட இருக்கு. நீ நம்ம வீட்டுல தங்கிக்க, உன் அறையைக் கழுவி விட்டிருக்கேன். கஞ்சிக்கு அரிசி இடிச்சு வெச்சிருக்கேன், தண்ணியாக் காய்ச்சி, உப்பு கம்மியாப் போட்டு, நீயே கரண்டியால ஊட்டு. எங்கையால குடுத்தா வாயைத் திறக்க மாட்டேங்காவ.

சிசிலியா